உங்கள் படிவத்துக்கு வந்த பதில் யாரிடம் இருக்கிறது?

ஒரு வலைத்தளத்தின் ‘தொடர்புக்கு’ பக்கத்தில் பெயர், கைபேசி எண், செய்தி ஆகிய கட்டங்களை நிரப்பி ‘அனுப்பு’ பொத்தானை ஒருவர் அழுத்துகிறார். செய்தி அனுப்பப்பட்டது, நன்றி என்று ஒரு வரி தோன்றுகிறது. அவர் வேலை முடிந்தது. ஆனால் அந்த வரி தளத்தின் உரிமையாளருக்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. உலகின் வலைத்தளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இயங்குவது வேர்ட்பிரஸ் மென்பொருளில். அதில் மின்னஞ்சல் அனுப்பும் நிரல்பகுதி ‘வெற்றி’ என்று சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான்: கடிதம் சிக்கலின்றி அனுப்பும் எந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பெறுநருக்குப் போய்ச் சேர்ந்ததாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வேர்ட்பிரஸின் சொந்த ஆவணமே எச்சரிக்கிறது. தபால் நிலையத்தில் தரும் ரசீது கடிதம் எடுத்துக்கொள்ளப்பட்டதற்குத்தான் சாட்சி, வீடு சேர்ந்ததற்கு அல்ல. படிவம் அமைக்கும் இலவச பிளகின்களை (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை நிரல்களை) ஒப்பிடும் கட்டுரைகளோ எத்தனை விதக் கட்டங்கள், எத்தனை வார்ப்புகள், இழுத்துப்போட்டு வடிவமைக்க எவ்வளவு எளிது என்றுதான் பட்டியல் போடுகின்றன. பூர்த்தி செய்த பதில் எங்கே போய் உட்காருகிறது, அதை எடுக்க யாருடைய அனுமதி வேண்டும் என்பதை முதலில் கேட்டால் அந்தத் தரவரிசை பெரிதும் மாறிவிடும்.

மின்னஞ்சல் வழியில் தொலைவது அபூர்வமான விபத்து என்று நினைக்க வேண்டாம். படிவத்தை அமைப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு பிழையே போதும். படிவத்தை நிரப்பியவருக்கு உடனே பதில் எழுத வசதியாக இருக்கட்டும் என்று, அனுப்புநர் முகவரியில் அவருடைய ஜிமெயில் முகவரியையே வைத்துவிடுகிறார்கள். கடிதம் புறப்படுவது தள உரிமையாளரின் ஹோஸ்டிங் சர்வரிலிருந்து, கையெழுத்தில் இருப்பதோ ஜிமெயில் முகவரி. பெறும் பக்கத்தில் இருக்கும் சோதனைகள், அதாவது எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்றும், இந்தப் பொருத்தமின்மையைப் பிடிப்பதற்கென்றே உருவானவை. ஆள்மாறாட்டக் கடிதம் என்று முடிவுகட்டி ஸ்பேமில் தள்ளும், அல்லது வாசலிலேயே திருப்பிவிடும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் அனுப்புநர்களுக்கான நிபந்தனைகளை இறுக்கிவிட்டன. நாளுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு விதிகள் கடுமை என்றாலும், தன் டொமைன் முகவரியைச் சரியாக நிரூபிக்கும் பொறுப்பு சின்னத் தளங்களுக்கும் உண்டு. சரியான முறை எளிது. அனுப்புநர் முகவரி தளத்தின் சொந்த டொமைனில் இருக்க வேண்டும், நிரப்பியவரின் முகவரி ‘மறுமொழிக்கு’ என்ற இடத்தில் இருக்க வேண்டும், கடிதத்தை எஸ்எம்டிபி வழியாக, அதாவது கணக்கும் கடவுச்சொல்லும் கொண்டு நுழையும் அஞ்சல் சர்வர் மூலம், அனுப்ப வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கடிதம் தவறலாம். அப்படித் தவறினால் விசாரித்தவர் ‘பதிலே போடவில்லை’ என்று வேறு கடைக்குப் போய்விடுவார். இழந்தது தெரியாமலே இழக்கும் வகை இது, யாரும் புகார்கூடச் செய்ய மாட்டார்கள்.

ஆகவே பதிலின் ஒரு பிரதி தளத்தின் சொந்தத் தரவுத்தளத்தில் இருந்தாக வேண்டும். மின்னஞ்சல் அந்தப் பதில் வந்ததைச் சொல்லும் மணியடிப்பாக மட்டும் இருந்தால் போதும். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மிகப் பழைய, மிகப் பரவலான பிளகினான காண்டாக்ட் ஃபார்ம் 7-ஐப் பார்ப்போம். ஜப்பானைச் சேர்ந்த தகாயுகி மியோஷி 2007-ல் வெளியிட்ட இது 50 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இயங்குகிறது. முழுவதும் இலவசம், ‘மேம்பட்ட பதிப்பை வாங்குங்கள்’ என்ற தொல்லை இல்லை. சதுர அடைப்புக்குறிக்குள் குறிச்சொற்களை எழுதிப் படிவம் அமைக்கும் முறை கொஞ்சம் பழையது என்றாலும், பழகியவர்களுக்கு அதுவே வேகமானது. குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. வந்த செய்திகளை அது எங்கும் சேமிப்பதில்லை. மின்னஞ்சல் போனால் போனது. அதே ஆசிரியர் ஃபிளமிங்கோ என்ற துணை பிளகினை இதற்காகவே தனியாக வெளியிட்டிருக்கிறார், அதை நிறுவினால் செய்திகள் சேமிக்கப்படும். காண்டாக்ட் ஃபார்ம் 7-ஐ நிறுவிய பலர் ஃபிளமிங்கோவின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். முதன்மையான வேலையைத் துணைக்கு ஒப்படைத்தது வடிவமைப்பாளரின் உரிமை, அதன் விளைவைச் சுமப்பது பயனர்.

டபிள்யூபிஃபார்ம்ஸ் வேறு வகை. 2016-ல் வந்தது, அழகான வடிவமைப்புத் திரை, பத்து நிமிடத்தில் படிவம் தயார். ‘லைட்’ என்ற அதன் இலவசப் பதிப்பில் வந்த பதில்கள் மின்னஞ்சலில் போகும். ஆனால் தளத்தின் நிர்வாகப் பக்கத்தில் அவற்றைத் திறந்து பார்க்கும் வசதி கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது. பின்னாளில் லைட் கனெக்ட் என்ற ஏற்பாடு வந்தது. அதை இயக்கினால் பதில்களின் பிரதி அந்த நிறுவனத்தின் கிளவுடில் காப்பாக வைக்கப்படும், கட்டணப் பதிப்புக்கு மாறும்போது கையில் கிடைக்கும். ஒன்றும் தொலையவில்லை என்ற வகையில் இது முன்னேற்றமே. ஆனாலும் என் வாடிக்கையாளர் எனக்கு எழுதிய கடிதத்தைப் பார்க்க நான் இன்னொருவருக்குப் பணம் கட்ட வேண்டிய நிலை அதில் இருக்கிறது.

மென்பொருள் செய்கிறவர் பணம் கேட்பதில் தவறே இல்லை. மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடுகிறவருக்கும், கேள்விக்குப் பதில் சொல்கிறவருக்கும் சோறு வேண்டும். நாம் பார்க்க வேண்டியது கட்டணக் கோட்டை எங்கே கிழித்திருக்கிறார்கள் என்பதை. கூடுதல் வசதிகளுக்கு முன்னால் கோடு இருந்தால் அது நேர்மையான வியாபாரம். வேண்டுமென்றால் வாங்குவோம், வேண்டாமென்றால் விடுவோம். நமக்கும் நமக்கு வந்த தகவலுக்கும் நடுவே கோடு ஓடினால் கதை வேறு. முதல் ஆண்டில் அந்தக் கோடு உறைக்காது. ஐந்நூறு விண்ணப்பங்கள் சேர்ந்த பிறகு, ஒரு பள்ளியின் சேர்க்கைக் காலத்தில், பழைய பட்டியலை எடுக்க வேண்டிய நாளில்தான் உறைக்கும். அப்போது விலை பேச நம் கையில் எதுவும் இருக்காது.

கோட்டைத் தள்ளி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். நிஞ்ஜா ஃபார்ம்ஸ், ஃபார்மினேட்டர், ஃபுளூயண்ட் ஃபார்ம்ஸ் மூன்றுமே இலவசப் பதிப்பில் பதில்களைத் தளத்திலேயே சேமித்துக் காட்டுகின்றன, சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளவும் விடுகின்றன. வேறுபாடு கட்டண வசதிகளில். நிஞ்ஜா ஃபார்ம்ஸில், ஒரு பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வியை மாற்றும் நிபந்தனை வசதிக்கும் கோப்பு பதிவேற்றத்துக்கும் தனித்தனியே காசு. பங்களாதேஷின் சில்ஹெட் நகரிலிருந்து வரும் ஃபுளூயண்ட் ஃபார்ம்ஸில் நிபந்தனை வசதி இலவசம், கோப்பு பதிவேற்றமும் பல பக்கப் படிவமும் கட்டணத்தில். டபிள்யூபிஎம்யூ டெவ் நிறுவனத்தின் ஃபார்மினேட்டர் இவற்றில் மிகத் தாராளம். கோப்பு, பல பக்கம், பணம் பெறுதல் எல்லாம் இலவசத்தில் அடக்கம். அதற்காக ஃபார்மினேட்டரே சிறந்தது என்று கையைக் காட்டிவிட மனம் வரவில்லை. நிர்வாகப் பக்கம் கனமாக இருக்கும், அந்த நிறுவனத்தின் மற்றப் பொருள்களுக்கான அழைப்புகளும் கண்ணில் படும். நான்கு கட்டங்கள் உள்ள ஒரு விசாரணைப் படிவத்துக்கு ஃபுளூயண்ட் ஃபார்ம்ஸ் போதும். வேலைக்கு விண்ணப்பமும் சான்றிதழும் வாங்க வேண்டுமென்றால் ஃபார்மினேட்டருக்குப் போகலாம். ஏற்கெனவே காண்டாக்ட் ஃபார்ம் 7-ல் கைபழகியவர் ஃபிளமிங்கோவைச் சேர்த்துக்கொண்டு அங்கேயே இருக்கலாம், அவர் மாற வேண்டிய அவசியமே இல்லை.

ஓடுகிற வண்டியை ஏன் பிரிக்க வேண்டும் என்பவர்களுக்கு இதுவே பாதிப் பதில். ஓடுகிறதா என்று முதலில் தெரிய வேண்டும். சேமிப்பு இல்லாத படிவத்தில் அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. வந்து சேர்ந்த கடிதங்களை எண்ணலாம், வராமல் போனவற்றை எதைக் கொண்டு எண்ணுவது?

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பதில்களைச் சேமித்து வைப்பது ஆபத்தைச் சேமித்து வைப்பதுதானே? பெயரும் எண்ணும் முகவரியும் ஒரு தரவுத்தளத்தில் குவிந்தால், தளம் உடைக்கப்படும் நாளில் எல்லாம் ஒரேயடியாகப் போகுமே? நியாயமான கேள்வி. சேமிக்காமல் இருப்பதே மியோஷி போன்றவர்களின் எளிமைக்கு வலுவான வாதமும் ஆகும். ஆனால் சேமிக்காத படிவம் தகவலை அழித்துவிடுவதில்லை. அதை மூன்று பேரின் இன்பாக்ஸுக்கு அனுப்பிவிடுகிறது. வேலையை விட்டுப்போன ஊழியரின் ஜிமெயிலிலும், யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்ட திரைப்பிடிப்பிலும் அது காலம் முழுக்கக் கிடக்கும். ஒருவர் வந்து ‘என் தகவலை நீக்குங்கள்’ என்று கேட்டால் எங்கே தேடுவது? இந்தியாவின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதி 2018 மே மாதமே நடைமுறைக்கு வந்தது, அதையொட்டி வேர்ட்பிரஸ் தன் 4.9.6 பதிப்பில் ஒருவரின் தகவலை எடுத்துக் கொடுக்கவும் அழிக்கவும் கருவிகளைச் சேர்த்தது. அழிக்க வேண்டுமென்றால் முதலில் அது ஒரே இடத்தில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட நாள்கள் கழிந்ததும் பதில்களைத் தானே அழிக்கும் அமைப்பும் ஃபார்மினேட்டர் போன்றவற்றில் உண்டு. அதைவிட முக்கியம், தேவையில்லாததைக் கேட்காமலிருப்பது. சேலை விலை விசாரிக்கிறவரிடம் பிறந்த தேதி எதற்கு?

உடைக்கப்படும் அபாயத்தில் எந்த பிளகினும் கைகழுவிக்கொள்ள முடியாது. காண்டாக்ட் ஃபார்ம் 7-ல் 2020 டிசம்பரில் கோப்பு பதிவேற்றம் தொடர்பான ஓட்டை வெளிப்பட்டு 5.3.2 பதிப்பில் அடைக்கப்பட்டது. நிஞ்ஜா ஃபார்ம்ஸில் 2022 ஜூனில் கண்டறியப்பட்ட ஓட்டை எவ்வளவு தீவிரம் என்றால், உரிமையாளர்கள் பொத்தானை அழுத்தும்வரை காத்திராமல் வேர்ட்பிரஸ் லட்சக்கணக்கான தளங்களுக்குக் கட்டாயமாகத் திருத்தத்தை அனுப்பியது. ஃபார்மினேட்டரில் 2023 ஆகஸ்டில் மறுபடியும் கோப்பு பதிவேற்ற ஓட்டை. சேமிப்பவர், சேமிக்காதவர் இருவரும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். மூன்றில் இரண்டு கோப்பு பதிவேற்றும் வழியில் வந்தவை என்பது கவனிக்க வேண்டியது. அந்தக் கட்டம் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைப் படிவத்தில் வைக்கக் கூடாது. ஓட்டை இல்லாத பிளகினைத் தேடுவதைவிட, ஓட்டை தெரிந்ததும் எத்தனை நாளில் அடைக்கிறார்கள், கடைசியாக எப்போது பதிப்பு வெளியிட்டார்கள் என்று பார்ப்பது பயன் தரும். தானியங்கிப் புதுப்பித்தலை இயக்கி வைப்பது இன்னும் பயன் தரும்.

இலவசம் ஒருநாள் கைவிட்டுவிடும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. கால்டெரா ஃபார்ம்ஸ் என்ற நல்ல பிளகினை நிஞ்ஜா ஃபார்ம்ஸின் உரிமையாளரான சாட்டர்டே டிரைவ் 2018-ல் வாங்கியது. 2021-ல் அதை நிறுத்தப்போவதாக அறிவித்து, அந்த ஆண்டின் இறுதியோடு மூடியது. நிரல் திறந்த உரிமத்தில் இருப்பதால் யாரும் எடுத்துத் தொடரலாம் என்பது ஏட்டளவில் உண்மை. ஒரு ஜவுளிக்கடைக்காரர் உட்கார்ந்து நிரலைத் தொடரப்போவதில்லை. அவருக்குக் கைகொடுப்பது ஒன்றே: பதில்களை எப்போது வேண்டுமானாலும் சிஎஸ்வியாக எடுத்துக்கொண்டு கிளம்பும் வசதி. கட்டணம் கட்டினால் இந்தப் பயம் தீரும் என்றும் சொல்ல முடியாது. கால்டெராவுக்குக் கட்டண நீட்சிகளும் இருந்தன, அவற்றுக்குப் பணம் கட்டியவர்களும் அதே ஆண்டில்தான் வெளியேறினார்கள்.

இத்தனை தலைவலி எதற்கு, கூகுள் ஃபார்ம்ஸ் போதாதா என்பவர்களுக்கு: பல இடங்களில் போதும். ஒரு நாள் நிகழ்ச்சிக்கு வருகைப்பதிவு எடுக்க அதைவிட எளிது எதுவும் இல்லை, பதில்கள் நேராக விரிதாளில் சேரும், எடுத்துப்போகவும் தடையில்லை. தளத்தின் நிரந்தர விசாரணைப் படிவத்துக்கு அது பொருந்தாது. தோற்றம் தளத்தோடு ஒட்டாது, யாராவது ஒருவரின் கூகுள் கணக்கில்தான் படிவம் இருக்கும், அந்த ஒருவர் விலகும்போது கணக்கும் போகும்.

தமிழில் படிவம் வைப்பவர்களுக்கு வேறு சில சங்கடங்கள் உண்டு, அவை ஒப்பீட்டுப் பட்டியல்கள் எதிலும் வராது. முதலாவது பெயர். சில பிளகின்கள் பெயரை முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டாகப் பிளந்து, இரண்டையும் கட்டாயமாக்கி வைத்திருக்கும். தலைப்பெழுத்தும் பெயருமாக வாழும் நம்மில் ஒருவர் இரண்டாம் கட்டத்தில் தலைப்பெழுத்தைப் போடுவார், ஒருவர் அப்பா பெயரை, ஒருவர் தன் பெயரையே மறுபடி. பிறகு அந்தப் பட்டியலை அகர வரிசைப்படுத்திப் பாருங்கள். பெயருக்கு ஒரே கட்டம் போதும், எல்லா பிளகினிலும் அப்படி மாற்றிக்கொள்ள முடியும். இரண்டாவது, இறக்கிய சிஎஸ்வி கோப்பை எக்செலில் இருமுறை தட்டித் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரியலாம். தரவு கெட்டுவிட்டதென்று பலர் பதறுகிறார்கள். கெடவில்லை, எக்செல் குறியாக்கத்தைத் தவறாக ஊகிக்கிறது. கூகுள் ஷீட்ஸிலோ லிப்ரே ஆபிஸிலோ யுடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் எழுத்துகள் ஒழுங்காக வரும். மூன்றாவது, பணம். ‘இலவசத்திலேயே பேபால், ஸ்ட்ரைப்’ என்பது விளம்பரத்தில் பெரிதாக இருக்கும். பேபால் இந்தியாவுக்குள் நடக்கும் பரிவர்த்தனைகளை 2021 ஏப்ரல் 1-ஆம் தேதி நிறுத்திவிட்டது. ஸ்ட்ரைப் இந்தியாவில் 2024 முதல் புதிய கணக்குகளை அழைப்பின் பேரில் மட்டுமே ஏற்கிறது. உள்ளூர் நன்கொடையோ கட்டணமோ பெறுகிறவருக்கு வேண்டியது யுபிஐயும் ரேஸர்பேயும், அவை பெரும்பாலும் கட்டணப் பதிப்புகளில்தான் இருக்கும். எனவே பணம் பெறும் வசதியை வைத்து இலவச பிளகினைத் தேர்ந்தெடுக்கும் சென்னைக்காரர் தனக்குப் பயன்படாத ஒன்றுக்கு மதிப்பெண் போடுகிறார்.

மாறுவதென்று முடிவெடுத்தால் அவசரம் வேண்டாம். பழைய பிளகினை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுவது தலைகீழான வரிசை. காண்டாக்ட் ஃபார்ம் 7-ஐச் செயலிழக்கச் செய்தால் படிவங்கள் அப்படியே இருக்கும், அடியோடு நீக்கினால் அமைத்து வைத்த படிவங்களும் சேர்ந்து அழியும். முதலில் தளத்தில் எங்கெங்கே படிவம் இருக்கிறது என்று தேட வேண்டும். தொடர்புப் பக்கத்தில் இருப்பது எல்லோருக்கும் நினைவிருக்கும், அடிப்பட்டையிலும் இரண்டு ஆண்டுக்கு முந்தைய விழாப் பக்கத்திலும் இருப்பது மறந்திருக்கும். பிளகின் செயலிழந்ததும் அந்த இடங்களில் சதுர அடைப்புக்குறியோடு குறிச்சொல் அப்பட்டமாகத் தெரியும். ஃபுளூயண்ட் ஃபார்ம்ஸில் மற்ற பிளகின்களின் படிவங்களை இறக்குமதி செய்யும் கருவி இருக்கிறது. ஆனால் கட்டங்கள் வந்து சேரும் அளவுக்கு மின்னஞ்சல் அமைப்புகள் ஒழுங்காக வந்து சேரும் என்று நம்ப வேண்டாம், அனுப்புநர் முகவரியையும் மறுமொழி முகவரியையும் கையால் சரிபார்த்துவிடுவது நல்லது. புதிய படிவத்தை வெளியார் பார்க்காத ஒரு பக்கத்தில் வைத்து, தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக, ஜிமெயிலிலிருந்தும் வேறு முகவரியிலிருந்தும் நிரப்பிப் பார்த்த பிறகே பக்கம் பக்கமாக மாற்ற வேண்டும். கூகுள் விளம்பரம் கொடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ‘படிவம் நிரப்பப்பட்டது’ என்று விளம்பரக் கணக்குக்குச் சொல்லும் ஏற்பாடு பழைய பிளகினின் சைகையை நம்பி அமைந்திருந்தால், மாறிய நாள் முதல் எண்ணிக்கை சத்தமில்லாமல் சுழியமாகிவிடும்.

குப்பைச் செய்திகள் வரத்தான் செய்யும். மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை வைத்து, அதை நிரப்புகிற எந்திரத்தைப் பிடிக்கும் பொறியை முதலில் இயக்கலாம். அது போதாவிட்டால் மட்டும் போக்குவரத்து விளக்குகளைத் தேடச் சொல்லும் சோதனைக்குப் போகலாம், ஏனென்றால் அந்தச் சோதனை பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் பெரும் தொல்லை. பழைய பிளகினைச் செயலிழந்த நிலையில் சில வாரங்கள் விட்டுவைப்பதில் நட்டமில்லை. அந்த வாரங்களில் புதியதன் பதில் பட்டியலையும் இன்பாக்ஸையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்க்கலாம். அஞ்சல் அமைப்புகளைத் தொடாமல் விட்டிருந்தால், பட்டியலில் இருபதும் இன்பாக்ஸில் பதினேழும் இருக்குமானால், விடுபட்ட அந்த மூன்று பேர் இதற்கு முந்தைய மாதங்களிலும் இருந்திருப்பார்கள்.